பிள்ளை கொழுத்த சந்தோஷம்

என் மகள் அபி கொழுத்தபோது அதை ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தது நான்தான். நாலரை வயது வரைக்கும் ஈர்க்கில் போல இருந்த பிள்ளை அவள். ஜெயபுரத்தில் எங்கள் ஒழுங்கையால் போகிறவர்கள் அவளைக் கண்டால் நின்று, "பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறனியோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சோறு, முட்டை, பயறு, கீரை என்று நாள் முழுக்கக் கிண்ணத்தோடு நான் அவளுக்குப் பின்னால் ஓடுவது யாருக்கும் தெரியாது. ஓடி ஓடி மெலிந்தது நான்.

அதைவிடப் பெரிய விசாரணை மாதாமாதம் கிளினிக்கில் காத்திருக்கும். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் மிட்வைஃப் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கூட்டியில் வந்து, பொதுநோக்கு மண்டபத்தில் தராசை வைத்து, சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்து, அவரவர் கொப்பியில் புள்ளி போடுவா. அபியின் புள்ளி எப்போதும் இருக்க வேண்டிய பச்சை நிறத்துக்குக் கீழேயே கிடக்கும். "இன்னும் கொஞ்சம் கவனியுங்கோ தங்கச்சி" என்று சத்துமாப் பைக்கற்றுகளை என் மடியில் வைப்பா. குரலில் கோபம் இருக்காது. ஆனால் மற்றத் தாய்மார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தராசைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாரி முடிந்த கையோடு அபி திடீரென்று கொழுக்கத் தொடங்கினாள். முதலில் கன்னம். காலையில் எழும்பும்போது கண்மடல்கள் இரண்டும் பொம்மென்றிருக்கும். பிறகு வயிறு. பிறந்தநாளுக்கு வாங்கிய கொலுசு கொளுவ முடியாமல் போனது. கிளிநொச்சியில் நகைக்கடைக்குக் கொண்டுபோய் வளையம் கூட்டி வாங்கினேன். கடைக்காரரிடமும் "பிள்ளை வளர்ந்திட்டாள்" என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பூரணமக்கா அவளுடைய கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் பிள்ளை பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்றா. நாவூறு பட்டுவிடும் என்று பயந்து அன்று பின்னேரமே உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். என் கணவர் செல்வன் வயல் உழுகிற லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறவர், அதிகம் கதைக்காத ஆள். அவர்கூடப் பிள்ளையைத் தூக்கி, "பாரம்தான்" என்று சிரித்தார்.

பசி பார்த்த சனம் நாங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, சண்டையின் கடைசி இடப்பெயர்வில், கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். பிள்ளை மெலிந்தால் பயப்பட எங்களுக்குத் தெரியும். பிள்ளை பருத்தால் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த மாதக் கிளினிக்குக்கு அபிக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டிப் போனேன். மிஸ் அவளைத் தராசில் ஏற்றினா, கொப்பியைப் பார்த்தா, இறக்கி மறுபடியும் ஏற்றினா. அபியின் புள்ளி முதல் தடவையாகப் பச்சைக்குள் போய் விழுந்தது. இந்தமுறை நான் மற்றத் தாய்மாரைத் திரும்பிப் பார்த்தேன். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

பிள்ளையைக் கதிரையில் இருத்தி, காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் தன் பெருவிரலை வைத்து அழுத்தினா. அழுத்திக்கொண்டே, "உங்கட பூனைக்குட்டிக்கு என்ன பேர்?" என்று கேட்டா. "குண்டன்" என்றாள் அபி. அவ்வளவு அழுத்தியும் அவள் நோகுது என்று சொல்லவில்லை. விரலை எடுத்தபோது அந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. பிசைந்த மாவில் விரல் வைத்தால் விழுமே, அப்படி ஒரு குழி. அது மேலே வரவே இல்லை.

"மூத்திரம் போனால் நுரைக்கிறதோ?"

"ஓம் மிஸ். வாளியில சவுக்காரம் ஒட்டிக் கிடக்கு எண்டு நினைச்சனான்."

"முந்தி மாதிரிப் போறாளோ?"

யோசித்துப் பார்த்தேன். குறைவுதான். பிள்ளை வளர்ந்துவிட்டாள், அடக்கப் பழகிவிட்டாள் என்று அதற்கும் சந்தோஷப்பட்டிருந்தேன்.

"இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இது கொழுப்பில்லை, தங்கச்சி. தண்ணி."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "மெலிஞ்சாலும் குறை, கொழுத்தாலும் குறை. நாங்கள் என்னதான் செய்யிறது?" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். மிஸ் எனக்குக் கிட்ட வந்தா. என் கையைப் பிடித்து, அந்தக் குழிக்குப் பக்கத்தில் என் பெருவிரலை வைத்து அழுத்திவிட்டா. எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது குழி விழுந்திருந்தது. ஓட்டோவுக்குச் சொன்னதும், ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதியதும், அபிக்குச் செருப்புக் கொளுவிவிட்டதும் அவாதான்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மூத்திரம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். செல்வனும் ஓடி வந்து சேர்ந்தார். வெளியே மர வாங்கில் இருந்தபடி ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் எழும்பி நின்றோம். அன்று பின்னேரமே அபிக்குச் சிறுவர் வாட்டில் கட்டில் கிடைத்தது. எங்களைப் பார்க்க வந்தது ஒரு சிங்கள டொக்டர். என்னைவிட இளைய பெண். தமிழைப் புத்தகத்திலிருந்து படித்தவா போல, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனா.

"அம்மா, பயப்பட வேண்டாம். இந்த நோயின் பெயர் நெஃப்ரோடிக் சின்ட்ரோம்" என்றா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில் தேங்காய்ப் பால் பிழிகிறீர்களா? அதற்கு வடி இருக்கிறதா?" என்று கேட்டா.

நோயைப் பற்றிக் கதைக்க வந்த டொக்டர் குசினிக்குள் ஏன் போகிறா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சிறுநீரகம் ஒரு வடி. இரத்தத்தில் இருக்கிற கழிவையும் தண்ணீரையும் அது வெளியே விடும். சத்தை, அதாவது புரதத்தை, உள்ளே மறித்து வைக்கும். இந்த நோயில் வடியின் கண்கள் பெரிதாகி, புரதம் மூத்திரத்தோடு போய்விடுகிறது. அதுதான் நுரை. தண்ணீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பது அந்தப் புரதம்தானாம். அது போனால் தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து சதைக்குள் இறங்கும். அதுதான் கன்னம், அதுதான் வயிறு, அதுதான் கொலுசு. நான் பின்னால் ஓடி ஓடி ஊட்டின முட்டையும் பயறும் வாளிக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஏன் வந்தது டொக்டர்? நான் ஏதும் பிழையாக் குடுத்தனானோ?"

"இல்லை அம்மா. உங்கள் பிழை எதுவும் இல்லை. ஏன் வருகிறது என்று எங்களுக்கும் முழுமையாகத் தெரியாது. குளிசை கொடுப்போம். அநேகமான பிள்ளைகளுக்கு அந்தக் குளிசைக்கு ஓட்டை அடைபடும்."

அநேகமான பிள்ளைகளுக்கு. அந்தச் சொல் எனக்குள் முள்ளுப் போல நின்றது. அடைபடாத பிள்ளைகளுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை.

எத்தனை நாள் நிற்க வேண்டி வரும் என்று தெரியாது, உடுப்பு எடுத்து வாங்கோ என்று செல்வனை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அவர் கொண்டு வந்த பையைத் திறந்தால், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், டோர்ச், நெருப்புப்பெட்டி, கயிறு, சின்னப் பானை, மடித்த தறப்பாள்.

"இஞ்சேருங்கோ, இதெல்லாம் என்னத்துக்கு?"

"எத்தினை நாளோ தெரியாது எண்டெல்லோ சொன்னனீர்" என்றார்.

நாள் தெரியாமல் வெளிக்கிடுவதற்கு, இடம்பெயர்ந்த காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்த பை அது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. பானையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். வாட்டில் பிள்ளைக்குக் கட்டில், தாய்க்குக் கட்டிலுக்குக் கீழே நிலம். அந்தத் தறப்பாளை விரித்துத்தான் நான் அத்தனை நாளும் படுத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவைச் சேர்ந்த றிஸ்மியா ராத்தாவும் அவாவின் மகள் சஹ்னாவும். சஹ்னாவுக்கும் இதே நோய். ஒருமுறை சுகமாகி, தடிமன் காய்ச்சலோடு திரும்பி வந்திருந்தது. ஆகவே ராத்தா பழைய ஆள். காலையில் தாய்மார் என்ன செய்ய வேண்டும் என்று நேர்ஸ் சொல்லித் தந்தபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராத்தாதான் பிடித்துக் காட்டினா. பிள்ளையின் முதல் மூத்திரத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுக்க வேண்டும். அதில் மருந்துத் துளி விட வேண்டும். புரதம் இருந்தால் கலங்கி வெள்ளையாகும். இல்லாவிட்டால் தெளிந்தே இருக்கும்.

அபியின் குழாயில் துளி விட்ட உடனேயே தயிர் போலத் திரண்டது. என் பிள்ளையின் உடம்புச் சத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்த வாட்டில் தாய்மாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் முகம் கழுவ வரும்போது எப்படிச் சுகம் என்று கேட்பதில்லை. "இண்டைக்கு என்ன? தயிரோ, கஞ்சியோ, தண்ணியோ?" என்றுதான் கேட்பார்கள். தயிர் என்றால் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். கஞ்சி என்றால் "பரவாயில்லை, இறங்குது" என்பார்கள். தண்ணி என்று யாராவது சொன்னால் அன்று அந்தக் கட்டிலடியில் பிஸ்கட் பிரிபடும்.

குளிசை தொடங்கியும் அபியின் வீக்கம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. வயிறு இறுகி மினுங்கியது. மூச்சை மேலே மேலே இழுத்தாள். "அம்மா, லைற்றைப் போடுங்கோ" என்றாள். ஜன்னலால் வெயில் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் பயத்தில் செத்துப் போனேன். வேறு சொல் இல்லை.

டொக்டர் ஓடி வந்தா. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்துவிட்டது, அதைப் போத்தலில் ஏற்ற வேண்டும், ஏற்றினால் சதைக்குள் இருக்கிற தண்ணீர் இரத்தத்துக்குத் திரும்பி மூத்திரமாகப் போகும் என்றா. ஆனால் அந்தப் போத்தல் இப்போது இங்கே கையிருப்பில் இல்லை, வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்கிறோம் என்றா. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தை நாங்களும் கண்டிருந்தோம். செல்வன் வெளியே போய், வெளிக் கடைகளில் அதன் விலையை விசாரித்துவிட்டு வந்து, கதிரையில் இருந்து தரையைப் பார்த்தார். லாண்ட்மாஸ்டரை விற்கிற யோசனை அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"விலையை அறிஞ்சு என்ன செய்யப் போறியள்?" என்றா நேர்ஸ். "வவுனியாவில இருந்து வெளிக்கிட்டிட்டுது. பிள்ளைக்குத் தண்ணி குடுக்காமல் அரவணைச்சுக்கொண்டு இருங்கோ."

மத்தியானம் கழிந்து அது வந்தது. அம்புலன்ஸ் சாரதி ஒரு குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்குள் வந்தார். பெட்டியின் மூடியில் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனையால் எழுதியிருந்தது: அபிநயா, ஜெயபுரம். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

எங்களுக்கு அரசாங்கம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டையில் காணாமல் போன என் அண்ணாவின் பெயரை அம்மா எத்தனை மேசைகளில், எத்தனை பேருக்கு முன்னால் எழுதிக் கொடுத்தா. ஒரு பதிலும் வரவில்லை. அரசாங்கம் எங்கள் வீட்டுப் பெயர் ஒன்றைத் தானாக எழுதி, அதைத் தேடிக்கொண்டு வழி நெடுக ஓடிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் வாயைக் கோணியிருப்பேன். ஜெயபுரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத யாரோ ஒருவர் அங்கே தங்கள் அலுமாரியைத் திறந்து, தங்களிடம் இருந்ததில் எடுத்து, என் பிள்ளையின் பெயரை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறார். என் அண்ணாவைப் பற்றிய கோபம் எனக்குத் தீரவில்லை, தீரவும் மாட்டாது. ஆனால் அந்த பிளாஸ்டரைப் பார்த்தபோது என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. நேர்ஸிடம் கேட்டு அதை உரித்து எடுத்து, காணி உறுதியோடு வைத்தேன்.

போத்தல் மெல்ல மெல்ல ஏறியது. டொக்டர் பக்கத்திலேயே நின்றா, பிறகு கதிரை இழுத்துப்போட்டு இருந்தா. பொழுதுபட அபி மூத்திரம் போனாள். பிறகும் போனாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்களைத்தேன். ராத்தா தன் கட்டிலில் இருந்து, "ஓடு தங்கச்சி, ஓடு. இது சந்தோஷ ஓட்டம்" என்றா. மறுநாள் காலை அபியின் ஒரு கண் திறந்தது. என்னைப் பார்த்து, "குண்டனுக்குச் சாப்பாடு வைச்சாச்சோ?" என்று கேட்டாள்.

வீக்கம் வடியத் தொடங்கியது. ஆனால் ஓட்டை அடைபடவில்லை. குழாயில் தயிர்தான். அந்தக் குளிசைக்கு ஒரு குணம், பிள்ளைக்குக் கடும் பசி எடுக்கும். மறுபக்கத்தில் உப்புப் போடக்கூடாது, உப்பு தண்ணீரை உடம்பில் மறிக்கும். பசியோடு ஆலாய்ப் பறக்கிற பிள்ளைக்கு உப்பில்லாத சோறும் உப்பில்லாத பருப்பும் ஊட்டுகிற கஷ்டம் சொல்லி மாளாது. அபி ஒரு வாய் வைப்பாள், என்னைப் பார்ப்பாள், கண்ணீர் வழிய வழிய விழுங்குவாள். பின்னேரம் தகப்பன் போன் எடுத்தால் முதல் கேள்வி, "அப்பா, உங்கட கறியில உப்புக் கிடக்கோ?"

"இல்லை குஞ்சு. எனக்கும் இல்லை."

பிள்ளையை ஆற்றப் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்க வந்தவர் தன் சாப்பாட்டுப் பார்சலை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். உப்புச் சாப்பிட்டு எனக்கும் கனநாள், ஆசையில் கத்தரிக்காய்க் கறியில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தேன். மண் போல இருந்தது. உப்பே இல்லை.

"என்னப்பா இது?"

"அவள் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். போனில பொய் சொல்ல ஏலாது" என்றார். தனிய இருக்கிற வீட்டில், வயலில் வெந்து வந்து, அந்த மனிசன் உப்பில்லாமல் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் வாட்டுக்கு வெளியே போய் நின்று அழுதேன்.

குளிசைக்கு அசைவே இல்லை என்று கண்டு, யாழ்ப்பாணத்தில் சிறுநீரகத்துக்கென்றே இருக்கிற டொக்டரிடம் எங்களை அனுப்பினார்கள். அம்புலன்ஸில் நான், அபி, ஒரு நேர்ஸ், ஒரு சாரதி. ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு முழு வாகனம். மினிபஸ்ஸில் ஒரு காலில் தொங்கிப் போய்ப் பழகிய எனக்கு அந்தச் சீற்றில் சாய்ந்து இருக்கக் கூச்சமாக இருந்தது. ஆனையிறவு வந்தது. வெயிலில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அபி கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதைப் பார்த்தாள்.

"அம்மா, அது என்ன?"

நேர்ஸும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"உப்பு" என்றேன்.

"அவ்வளவுமோ?" குவியல் மறையும் வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெரிய மனுசி போல, "நான் சுகம் வந்தாப்பிறகு வந்து எடுப்பம்" என்றாள். சாரதி சிரிப்பை அடக்கமாட்டாமல் ஸ்டியரிங்கில் தட்டினார்.

யாழ்ப்பாணத்து டொக்டர் நரைத்த மனிதர். ஸ்கானில் அபியின் சிறுநீரகங்களை எனக்கும் காட்டினார். இரண்டு நிழல்கள், புளியங்கொட்டை வடிவில். "பிள்ளைக்கு இன்னும் நேரம் குடுப்பம்" என்றார். நாலு கிழமை முழுதாகக் குளிசை போட்டும் தெளியாவிட்டால் முதுகுப் பக்கத்தால் ஊசி விட்டு, சிறுநீரகத்தில் ஒரு நூல் துண்டளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுக்குப் பிறகு வேற மருந்துகள், கூடப் பாரமான மருந்துகள். அப்படியான பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகிப் போவதும் உண்டு. கேட்க நாக்கு எழாத கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது. ஊசிக்குத் திகதியும் குறித்துத் தந்தார். அது வருகிற செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய்.

திரும்பி வந்த பிறகு எனக்கு வாட்டில் ஒருவரோடும் கதைக்கப் பிடிக்கவில்லை. ராத்தா தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் தறப்பாளில் இருப்பா. ஒரு காலை சஹ்னாவின் குழாய் தண்ணியானது. ராத்தா பிஸ்கட் பிரித்தா. எனக்குத் தரும்போது அவாவின் கை தயங்கியது. நான் வாங்கிச் சாப்பிட்டேன். சந்தோஷமும் பொறாமையும் ஒரே வாயில் மென்றேன். வீட்டுக்குப் போகும்போது ராத்தா தன் குழாய் தாங்கியை என்னிடம் தந்து, "இது ராசியான தாங்கி" என்றா.

சனிக்கிழமை தயிர். ஞாயிறு தயிர் கொஞ்சம் இளகினதுபோல் இருந்தது, ஆனால் ஆசைக்கு அப்படித் தெரிகிறது என்று விட்டேன். திங்கள் உண்மையாகவே கஞ்சி. நேர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், இறங்கியிருக்கு" என்றா. நான் செல்வனுக்கும் சொல்லவில்லை. புதன் வெறும் கலங்கல். அதற்கு அடுத்த நாள் காலை துளி விட்டேன். குழாயைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மருந்து விட மறந்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு துளி விட்டேன். குழாய்க்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது.

டொக்டர் வந்து, குழாயை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. "அம்மா," என்று தொடங்கியவா, புத்தகத் தமிழை விட்டுவிட்டு, நாங்கள் சொல்கிற மாதிரியே, "இண்டைக்குத் தண்ணி" என்றா. வாட்டில் இருந்த தாய்மார் எல்லாரும் கை தட்டினார்கள். நான் அந்தப் பிள்ளையின், அந்த டொக்டரின், கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் தொடர்ந்து தெளிந்திருந்தால்தான் கணக்கு என்றார்கள். தெளிந்தே இருந்தது. செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போக வேண்டியவள் வீட்டுக்குப் போனாள்.

இந்த நோய் திரும்பி வரும், வராமலும் போகும், வளர வளரப் பல பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கும் ஒவ்வொரு காலையும் ராத்தாவின் தாங்கியில் அபியின் குழாய் நிற்கிறது. குளிசையை மாதக்கணக்காக மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். குளிசையால் உருண்டிருந்த முகமும் வடிந்தது. அபி பழையபடி ஈர்க்கில் ஆனாள். வேலியால் எட்டிப் பார்த்த பூரணமக்கா, "ஐயோ, பிள்ளை காஞ்சு போச்சே" என்று வாயில் கை வைத்தா. "ஓமக்கா, நல்லாக் காஞ்சு போச்சு" என்றேன், பரிசு வாங்கினவள் மாதிரி. அவா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா. கூட்டின கொலுசு நடக்கும்போதே கழன்று விழுந்தது.

போன மாதம் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதே மண்டபம், அதே தராசு. அபியின் புள்ளி பச்சையை விட்டு இறங்கி, பழைய இடத்தில் போய் விழுந்தது. மற்றத் தாய்மார் திரும்பிப் பார்த்தார்கள். மிட்வைஃப் மிஸ் சத்துமாப் பைக்கற்றை எடுத்து என் மடியில் வைத்தா. முகம் முழுக்கச் சிரிப்பு.

"இன்னும் கொஞ்சம் கவனியுங்கோ தங்கச்சி" என்றா.

பிறகு அபியைக் கதிரையில் இருத்தி, காலை நீட்டச் சொல்லிவிட்டு, நீங்களே பாருங்கோ என்று எனக்கு இடம் விட்டா. நான் குந்தியிருந்து அந்த ஈர்க்கில் காலில் என் பெருவிரலை வைத்தேன். அழுத்தினேன். பயத்தில் இன்னும் அழுத்தினேன்.

அபி காலை வெடுக்கென்று இழுத்தாள். "அம்மா! எலும்பில அமத்தாதேங்கோ, நோகுது!"

"என்ன சொன்னனி?" என்றேன். "இன்னொருக்காச் சொல்லு குஞ்சு."